ஏழு சோடிச் சப்பாத்து

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெறாமகளும் மருமகனும் வந்திருந்தார்கள். அவளுக்கு இது நான்காம் மாதம். தை நடுப்பகுதிக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, வாய்ப்பன் தட்டையும் பக்கத்தில் வைத்தேன். முதல் வாய்ப்பன் முடியமுதலே கேட்டுவிட்டாள்.

“சின்னம்மா, டேகெயாருக்கு இப்பவே பேர் குடுக்கோணும் எண்டு வேலையிடத்திலை ஒரு பிள்ளை சொல்லுது. உண்மையோ? பிறக்கவே இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு.”

உண்மைதான் என்றேன். ஸ்காபரோவில் இந்தப் பேச்சு எழாத தமிழ் வீடு இப்போது அரிது. முன்பெல்லாம் பிள்ளையைப் பார்க்க அம்மம்மா இருந்தா. இப்போது எல்லா வீட்டிலும் அம்மம்மா இல்லை. இருக்கிற அம்மம்மாமாரிலும் பாதிப் பேர் வேலைக்குப் போகிறார்கள்.

அவளுக்குச் சட்டம், கட்டணம் எதையும் சொல்லமுதல் என்னுடைய கதையைத்தான் சொன்னேன். 2011இல் என் மகனுக்கு ஒன்றரை வயது. நாங்கள் இருந்த தெருவுக்குப் பின்தெருவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் பிள்ளை பார்த்தார்கள். பார்த்தவர் நல்ல மனுசி. இவன் பிட்டைக் குழைத்துத் தந்தால்தான் சாப்பிடுவான் என்பதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் எனக்கு வேலை முந்தி முடிந்தது. வழக்கத்தைவிட இரண்டு மணித்தியாலம் முன்னதாகப் போய்க் கதவைத் தட்டினேன். படிக்கட்டின் அடியில் பனிச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. மகனுடைய நீலச் சப்பாத்தைத் தேடும்போதுதான் எண்ணினேன். ஏழு சோடி. எல்லாம் என் உள்ளங்கை நீளம். அவரோ ஒற்றை ஆள். மடியில் ஒரு கைக்குழந்தை, அடுப்பில் சோறு.

ஒரு வருடமாக அந்த வீட்டுக்குப் போய்வந்தும் நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன், நித்திரையைப் பற்றிக் கேட்டேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்கவில்லை. அந்தப் பனிக்காலம் முழுக்க இரவில் படுத்தால் அந்தச் சோடிகள்தான் கண்ணுக்குள் வரும். தீப்பிடித்திருந்தால் அவர் எந்த இரண்டு பிள்ளைகளைத் தூக்கியிருப்பார்?

லைசன்ஸ் என்றால் என்ன என்று பெறாமகள் கேட்டபோது எனக்கு வந்த பதிலும் அதுதான். பெற்றவர்கள் எண்ண மறந்தாலும், வெளியிலிருந்து ஒருவர் வந்து எண்ணுவார். அன்பாகப் பார்க்கிறார்களா என்பதை லைசன்ஸ் சொல்லாது. அதை நீதான் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் அன்பான ஒருத்தியிடம் ஏழு பிள்ளைகள் சேராமல் தடுக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

லைசன்ஸ் இல்லாமல் வீட்டில் பிள்ளை பார்ப்பது ஒன்ராறியோவில் குற்றமில்லை. இது பலருக்குத் தெரியாது. ஒரே நேரத்தில் 13 வயதுக்குக் குறைந்த ஐந்து பிள்ளைகள் வரை பார்க்கலாம். அந்த ஐந்தில் பார்ப்பவரின் சொந்தப் பிள்ளைகளில் நான்கு வயதுக்குக் குறைந்தவர்களும் சேர்த்தி. தனக்கு லைசன்ஸ் இல்லை என்பதை அவர் பெற்றோருக்கு எழுத்தில் தர வேண்டும். அப்படி எழுதித் தருகிறவரிடம் மரியாதையோடு பேசலாம். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் நான் என்றால் பிள்ளையை விடமாட்டேன்.

இந்த விதிகள் சும்மா வந்தவை அல்ல. 2013 ஜூலையில் ரொறன்ரோவுக்கு வடக்கே வான் நகரில், லைசன்ஸ் இல்லாத ஒரு வீட்டுப் பராமரிப்பு நிலையத்தின் வெளியே, வெயிலில் நின்ற காருக்குள் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. அந்த வீட்டில் சட்டம் அனுமதித்ததைவிடப் பல மடங்கு பிள்ளைகள் இருந்தார்கள். முன்னரே முறைப்பாடுகளும் போயிருந்தன. அடுத்த ஆண்டு மாகாண ஒம்புட்ஸ்மன் ஆன்ட்ரே மரன் அரசின் கண்காணிப்பு எவ்வளவு தளர்ந்து கிடந்தது என்று விரிவான அறிக்கை எழுதினார். 2014இல் நிறைவேறிய புதிய பிள்ளைப் பராமரிப்புச் சட்டம் 2015 ஆகஸ்ட் 31இல் நடைமுறைக்கு வந்தது. நீ இனி நிரப்பப்போகும் படிவங்களுக்குப் பின்னால் அந்தக் குழந்தையும் இருக்கிறது என்று சொன்னேன். பெறாமகள் வாய்ப்பனைத் தட்டில் வைத்துவிட்டாள். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் சொல்ல வேண்டிய விசயம்தான்.

லைசன்ஸ் உள்ள இடங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நாம் டேகெயார் என்றதும் நினைக்கிற நிலையம். மற்றது, லைசன்ஸ் பெற்ற ஒரு முகவர் நிறுவனத்தின் கீழ் வேலை செய்பவர் தன் வீட்டிலேயே பார்ப்பது. அந்த வீட்டில் ஆறு பிள்ளைகள் வரை இருக்கலாம். நிறுவனத்தின் ஆள் காலாண்டுக்கு ஒருமுறையாவது சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார். இந்த இரண்டாம் வகையை எங்கள் ஆட்கள் அதிகம் நினைப்பதில்லை. பேஸ்மென்றில் பிட்டுக் குழைத்துத் தருகிற கை உனக்குப் பிடிக்குமென்றால், அதே கை லைசன்ஸோடும் கிடைக்கும் என்று சொன்னேன்.

மருமகன் கணக்கு வேலை செய்பவர். எண்களைச் சொல்லுங்கோ மாமி என்றார். நிலையங்களில் பிள்ளையின் வயதுக்கு ஏற்ப அறை பிரிக்கிறார்கள். 18 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளின் அறையில் ஆகக்கூடியது பத்துப் பேர். பத்துப் பேருக்கு மூன்று பணியாளர் வேண்டும். 18 மாதத்திலிருந்து 30 மாதம் வரை ரொட்லர் அறை. அங்கே ஐந்து பிள்ளைக்கு ஒருவர், அறையில் 15 பேருக்கு மேல் கூடாது. 30 மாதத்துக்கு மேல் பிறீஸ்கூல் அறை. எட்டுப் பிள்ளைக்கு ஒருவர், ஆகக்கூடியது 24.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்துப் பத்துக் குழந்தைகளை மட்டும் வைத்திருக்கும் அறையை நடத்துவது எந்த நிலையத்துக்கும் பாரம். அதனால்தான் நிறைய நிலையங்களில் குழந்தை அறையே இல்லை. இருக்கிற அறையிலும் பத்தே இடம். ரொறன்ரோவில் கர்ப்பமாக இருக்கும்போதே பெயர் கொடுக்கிற வழக்கத்துக்குக் காரணம் இதுதான்.

இங்கேதான் பேறுகால விடுப்பு உள்ளே வருகிறது. “பன்னிரண்டு மாதமா, பதினெட்டா?” என்று கேட்டேன். இன்னும் யோசிக்கவில்லை என்றாள். தாய்க்கு உரிய 15 கிழமை போக, பெற்றோர் விடுப்பை இரண்டு விதமாக எடுக்கலாம். ஒரு பெற்றோர் மட்டும் எடுத்தால், வழமையான முறையில் 35 கிழமைக்கு வருமானத்தின் 55 வீதம் வரும். நீட்டிய முறையில் 61 கிழமைக்கு 33 வீதம். இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. மருமகன் தொலைபேசியில் பெருக்கிப் பார்த்தார். மொத்தத் தொகை கிட்டத்தட்ட ஒன்றே. அதே காசைத்தான் மெலிதாக நீட்டித் தருகிறார்கள். முதற்காசு கைக்கு வந்தபின் முறையை மாற்ற முடியாது.

தையில் பிறக்கிற பிள்ளைக்கு 12 மாத விடுப்பு என்றால் அடுத்த தையில் இடம் வேண்டும். பனி நடுவில், பத்தே இடமுள்ள அறையில். அந்த நேரம் அறையிலிருந்து யாரும் வெளியேறவும் மாட்டார்கள். 18 மாதம் என்றால் அதற்கடுத்த ஆடி. அப்போது பிள்ளை நேரே ரொட்லர் அறைக்குப் போகும். அங்கே இடம் கூட. இன்னொன்றும் உண்டு. நான்கு வயது நிறைகிற ஆண்டின் செப்ரெம்பரில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் ஜூனியர் கிண்டகார்டன் (ஜே.கே.) வகுப்புக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் போக, பிறீஸ்கூலில் இடம் வரும். ரொட்லர்கள் சிலர் அங்கே ஏற, ரொட்லர் அறையில் இடம் வரும். வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் முழுப் பட்டியலும் நகர்கிறது. செப்ரெம்பரைக் குறிவைத்து, நடுவிலுள்ள ஓரிரு மாதத்தை மருமகனின் விடுப்போ ஊரிலிருந்து வருகிற அம்மாவோ நிரப்பினால், இடம் கிடைக்கும் சாத்தியம் நன்றாகக் கூடும். என் கணிப்பில் இது எந்தச் சிபாரிசையும்விடப் பெரியது.

காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். 2016 செப்ரெம்பரிலிருந்து லைசன்ஸ் பெற்ற இடங்கள் அப்படிக் கேட்கக் கூடாது. இடம் உறுதியானபின் கேட்கிற முற்பணம் வேறு.

“அப்ப காசு எவ்வளவு வரும், சின்னம்மா?”

நல்ல செய்தி இதில்தான் இருக்கிறது. கோவிட்டுக்குச் சற்று முன் ரொறன்ரோவில் கைக்குழந்தைக்கு மாதம் 1,800 டாலர் அளவில் போனது. வீட்டு வாடகைக்கு நிகர். அந்தக் காசைப் பார்த்துவிட்டு வேலையை விட்ட தாய்மார் எனக்குத் தெரிந்தே ஐந்தாறு பேர். எல்லாரும் படித்த பெண்கள். 2022 மார்ச் 28இல் ஒன்ராறியோ மத்திய அரசின் தேசியப் பிள்ளைப் பராமரிப்புத் திட்டத்தில் கையெழுத்திட்டது. மாகாணங்களில் இதுதான் கடைசி. அதன்பின் கட்டணம் படிப்படியாக இறங்கி, 2025 ஜனவரி 1இலிருந்து ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நாளுக்கு 22 டாலருக்கு மேல் அடிப்படைக் கட்டணம் வாங்க முடியாது. பத்து டாலர் டேகெயார் என்று ஊரெல்லாம் பேசினாலும், அது 2026 மார்ச்சுக்கு வைத்த இலக்கு. ஒன்ராறியோ அதை எட்டவில்லை. மாகாணச் சராசரி 19 டாலர் அளவில் நிற்கிறது. ஆக மாதம் 21, 22 வேலை நாளுக்கு உச்சமாக 460இலிருந்து 485 டாலர் வரை வரும்.

இதில் ஒரு பொறி உண்டு. திட்டத்தில் சேர்வதும் சேராததும் நிலையத்தின் விருப்பம். சேராத இடம் லைசன்ஸோடு நடக்கலாம், நன்றாகவும் நடக்கலாம், ஆனால் 22 டாலர் உச்சம் அதைக் கட்டுப்படுத்தாது. தொலைபேசியில் கேட்கிற முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். கூட வேறென்ன வாங்குவீர்கள் என்றும் கேள். எல்லாப் பிள்ளையும் கட்டியே ஆக வேண்டிய எதுவும் அடிப்படைக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டும். விரும்பினால் மட்டும் சேரும் சுற்றுலாவுக்கோ பின்னேரம் பிந்தி வந்து எடுப்பதற்கோ தனியாக வாங்கலாம்.

அதற்கும் கீழே இறங்க வழி இருக்கிறது. சப்சிடி. வருமானத்தைப் பார்த்து நகரசபை தருவது. எங்கள் ஆட்களில் பலர் அது வேலை இல்லாதவர்களுக்கு என்று நினைத்துக் கேட்காமலே விடுகிறார்கள். அது தவறு. தாய் தகப்பன் இருவரும் வேலைக்கோ படிப்புக்கோ போகும் குடும்பங்களை நினைத்தே அமைத்தது. அடிப்படைக் கணக்கு இப்படி: வரிப் படிவத்தில் இருவரின் 23600ஆம் வரியையும் கூட்டு. 20,000 டாலர் வரை உன் பங்கு ஒன்றுமில்லை. 20,000க்கும் 40,000க்கும் இடைப்பட்டதில் பத்து வீதம். 40,000க்கு மேற்பட்டதில் முப்பது வீதம். குடும்ப வருமானம் 45,000 என்றால் 2,000உம் 1,500உம் சேர்ந்து ஆண்டுக்கு 3,500. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேசியத் திட்டம் வந்தபின் அதுவும் குறைத்திருக்கிறார்கள். எல்லாம் வரிப் படிவத்தில்தான் தொங்குகிறது. இருவரும் நேரத்துக்கு வரி தாக்கல் செய்திருக்க வேண்டும்.

விண்ணப்பம் போகிற இடத்திலும் பலர் தவறுகிறார்கள். ஸ்காபரோவில் இருந்தால் ரொறன்ரோ நகரசபை. மார்க்கம் என்றால் யோர்க் பிராந்தியம். ஏஜக்ஸ், பிக்கரிங் என்றால் டூறம். தெரு கடந்து வீடு மாறினால் சப்சிடி வரிசையையும் புதிதாகத் தொடங்க வேண்டிவரலாம். மருமகனுக்கு மார்க்கத்தில் வீடு வாங்க ஆசை என்பது எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தே இதைச் சொன்னேன்.

மிக முக்கியமான விசயத்தை அதற்குப் பிறகுதான் சொன்னேன், அவள் கொப்பியில் எழுதட்டும் என்று. டேகெயார் இடத்துக்கு ஒரு வரிசை, சப்சிடிக்கு வேறொரு வரிசை. ஒன்றில் பெயர் போட்டால் மற்றதில் தானாக ஏறாது. இடம் கிடைத்து, சப்சிடி இன்னும் வராமல், முழுக்காசும் கட்ட முடியாமல் இடத்தை விட்டுக்கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். சப்சிடி வந்து, அதை ஏற்கும் இடமில்லாமல் அலைந்தவர்களையும் கண்டிருக்கிறேன். எல்லா நிலையங்களும் சப்சிடியை ஏற்பதில்லை. நகரசபையோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதனால் இரண்டு வரிசையையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் மின்னஞ்சல் போட்டு, இன்னும் காத்திருக்கிறோம் என்று எழுத வேண்டும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பியது இருக்கும்.

கட்டிய காசில் ஒரு பகுதி வரியிலும் திரும்பி வரும். பிள்ளைப் பராமரிப்புச் செலவை 21400ஆம் வரியில் வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,000 டாலர் வரை. பெரும்பாலும் இருவரில் குறைந்த வருமானம் உள்ளவரே கழிக்க வேண்டும். அதோடு குடும்ப வருமானம் 150,000 டாலருக்கு உட்பட்டால் ஒன்ராறியோவின் தனிச் சலுகையும் உண்டு. குறைந்த வருமானக் குடும்பத்துக்குச் செலவின் 75 வீதம் வரை போகும். இரண்டுக்கும் ஒரே சாவி பற்றுச்சீட்டு. தனி ஆள் பார்த்தால் அவருடைய சமூகக் காப்புறுதி இலக்கமும் அதில் வேண்டும்.

எனக்கு அது இல்லாமல் போனது. பற்றுச்சீட்டுக் கேட்டபோது, வேண்டாமென்றால் மாதம் 50 டாலர் குறைக்கிறேன் என்றார் அந்த மனுசி. நானும் சந்தோசமாகத் தலையாட்டினேன். அந்த ஆண்டு 7,000 டாலருக்கு மேல் கொடுத்தேன். வரிப் படிவத்தில் எழுத ஒரு சதம் இல்லை.

தேத்தண்ணி இரண்டாம் முறை ஊற்றினேன். போய்ப் பார்க்கும்போது என்ன பார்ப்பது என்று கேட்டாள்.

போகமுதல் மாகாண அரசின் இணையத் தேடலில் நிலையத்தின் பெயரைப் போட்டுப் பார். லைசன்ஸ் எந்த நிலையில் இருக்கிறது, முந்தைய சோதனைகளில் என்ன பிழை கண்டார்கள் என்பது இருக்கும். ஒரு பிழையும் இல்லாத இடத்தைத் தேடாதே. அதே பிழை வருடா வருடம் திரும்புகிறதா என்று பார். ஒப்பந்தமுள்ள நிலையங்களுக்கு ரொறன்ரோ நகரசபை தானும் தர மதிப்பீடு செய்து வெளியிடுகிறது. ஆசிரியை சட்டப்படி பதிவு பெற்றவரா என்பதை அவர்களைப் பதிவு செய்யும் தொழில்முறை அமைப்பின் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

போனால், வாசலில் லைசன்ஸ் தொங்குகிறதா என்று முதலில் பார். பெற்றோருக்கான பலகையில் அந்தக் கிழமைச் சாப்பாட்டுப் பட்டியல் இருக்க வேண்டும். நாள் முழுக்க இருக்கிற பிள்ளைகளை, காலநிலை இடம்கொடுத்தால், இரண்டு மணித்தியாலம் வெளியே விட வேண்டும். இதெல்லாம் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். பிறகு அறை வாசலில் நின்று, வாய்க்குள் எண்ணு. பிள்ளைகள் எத்தனை, பெரியவர்கள் எத்தனை. காலையில் விடும் நேரமும் பின்னேரம் எடுக்கும் நேரமும் பணியாளரைக் கொஞ்சம் குறைக்க அனுமதி உண்டு, வெளியே விளையாடும்போது இல்லை. அதனால் பத்து மணிக்குப் போ. முடிந்தால் விளையாட்டு முற்றத்தில் எண்ணு. நீ எண்ணுவதைக் கண்டு ஆசிரியை முகம் சுளித்தால் அடுத்த இடத்தைப் பார். நல்ல ஆசிரியை தானே எண்ணிக்கொண்டுதான் நிற்பா. பிள்ளைகளை உள்ளிருந்து முற்றத்துக்கும் முற்றத்திலிருந்து உள்ளுக்கும் கூட்டிப்போகும்போது ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணுகிற ஆசிரியைகளை நான் பார்த்திருக்கிறேன். என் இரண்டாவது பிள்ளையை அப்படி ஒரு இடத்தில் விட்டேன். அன்றைக்கு வேலையில் மத்தியானம் வரை ஒருமுறையும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

மருமகன் அப்போதே மடிக்கணினியை என் சாப்பாட்டு மேசையில் திறந்தார். வீட்டுக்குக் கிட்ட உள்ள நான்கு நிலையங்கள், பெறாமகளின் வேலையிடத்துக்குக் கிட்ட ஒன்று, ஒரு வீட்டுப் பராமரிப்பு முகவர் நிறுவனம், கடைசியாக நகரசபையின் சப்சிடிப் பக்கம். முதல் படிவத்தின் முதல் பெட்டி பிள்ளையின் பெயர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ‘பேபி’ என்று போட்டுக் குடும்பப் பெயரை எழுதச் சொன்னேன், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். பிறந்த திகதிக்குத் தை நடுவில் மருத்துவர் சொன்ன நாள். இடம் வேண்டிய திகதி என்ற பெட்டியில் பெறாமகளின் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடுத்த தையை விட்டுவிட்டு, அதே ஆண்டின் செப்ரெம்பரைத் தெரிவு செய்தாள்.

“ஆடியும் ஆவணியும் நான் நிக்கிறன்” என்றார் மருமகன்.